பழைய வீட்டு ஹோட்டலின் பொது இடங்களைப் புதுப்பிக்க: புதுச்சேரிக்கான முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் பழைய வீட்டை ஹோட்டலாக நடத்துகிறவர்களில் பலர், புதுப்பிப்பு என்றதும் அறைகளிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மெத்தை, குளியலறை, ஏசி, டிவி. இவையெல்லாம் நேற்றுக் கட்டிய ஹோட்டலிலும் கிடைக்கும். விருந்தினர் உங்கள் வீட்டைத் தேடி வருவது திண்ணைக்காக, முற்றத்துக்காக, தேக்குத் தூண்களுக்கு நடுவே காலை காபி குடிப்பதற்காக. அந்த இடங்களில் கைவைக்கும்போது ஒரு வரிசை உண்டு: முதலில் தண்ணீர், அடுத்து காற்று, அப்புறம் மரமும் சுவரும், கடைசியில்தான் அலங்காரம். வரவேற்பறைக்குப் பெயிண்ட் அடித்து முடித்த கையோடு, அடுத்த ஐப்பசி மழையில் அது பொரிந்து உதிர்வதைப் பார்த்து நிற்கிற முதலாளிகள் இந்த ஊரில் நிறையப் பேர். அந்த நிலைமை உங்களுக்கு வராமலிருக்கவே இதை எழுதுகிறேன். கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும். அதே கடல் காற்று, அதே வடகிழக்குப் பருவமழை.

படி 1: எந்த வகை வீடு என்று பாருங்கள்

1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோட்டின் மேலேயே ஊரைத் திரும்பக் கட்டினார்கள். இன்று நாம் பார்க்கிற பழைய வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே தமிழர் பகுதி. இரண்டு பக்கத்து வீடுகளும் விருந்தினரை வரவேற்கும் விதம் முற்றிலும் வேறு.

வெள்ளை நகர வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும். உயரமான மதில், பெரிய மரக்கதவு, உள்ளே தோட்டம் அல்லது முன்முற்றம், அதைத் தாண்டி வட்டத் தூண்கள் நிற்கும் வராந்தா. தமிழ் வீடு தெருவோடு பேசும். தெருவை ஒட்டிய ஓட்டுத் தாழ்வாரம், திண்ணை, அடுத்து நடை, பிறகு முற்றம், அதைச் சுற்றிக் கூடம், பின்னால் இரண்டாம் கட்டு, கொல்லை. இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. ரங்கப்பிள்ளை வீதியில் 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆனந்த ரங்கப்பிள்ளை மாளிகையில் கீழ்த்தளத்தில் தமிழ்ப் பாணி மரத்தூண்களும், மாடியில் ஐரோப்பியப் பாணிச் செங்கல் தூண்களும் நிற்கின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வரவேற்பு மேசையை எங்கே போடுவது என்பதிலிருந்து எல்லாம் இதைப் பொறுத்தது. தமிழ் வீட்டில் வாசலைத் தாண்டியதும் நடை. அங்கே கிரானைட் கவுன்டர் ஒன்றைப் போட்டு அடைத்துவிட்டால், தெருவிலிருந்து முற்றம் வரை நேராக ஓடும் பார்வையும் காற்றும் அங்கேயே முடிந்தன. கூடத்தின் ஓர் ஓரத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும். விருந்தினர் நடையைக் கடந்து முற்றத்தின் வெளிச்சத்தைப் பார்க்கும் அந்தச் சில நொடிகளைக் கெடுத்துவிடாதீர்கள். உங்கள் ஹோட்டலின் மிகப் பெரிய விளம்பரம் அதுதான்.

ஒரு நல்ல வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தூண், உத்திரம், தூம்பு (தண்ணீர் வெளியேறும் வழி), விரிசல், ஓதக் கறை (சுவரில் ஈரம் ஏறிய தடம்) எல்லாம் அதில் வரவேண்டும். புதுச்சேரியில் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்பதால் பக்கச் சுவர்கள் பலவும் பொதுச் சுவர்கள். வேலை தொடங்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் பக்கத்துச் சுவரையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பின்னால் அவர் பக்கம் ஒரு விரிசல் தெரிந்தால், அது பழையதா புதியதா என்று இரண்டு பேரும் சண்டை போடாமல் பேசிக்கொள்ள அந்தப் படங்கள் உதவும்.

படி 2: அனுமதிகள்

உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா, எந்தத் தரத்தில் இருக்கிறது என்பதை நகர அமைப்புக் குழுமத்தில் முதலில் விசாரியுங்கள். முகப்பு, கூரை, கட்டமைப்பு இவற்றில் கைவைப்பதற்கு அனுமதி வேண்டும். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும். வெள்ளை நகரத்தின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் வரும். இதோடு தீயணைப்புத் துறையின் சான்றிதழ். 1984 முதல் இந்த ஊரில் வேலை செய்துவரும், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் கிளையில் ஒருமுறை பேசிப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வரிசை வீடுகளின் முகப்புகள் மீட்கப்பட்டு, அந்த வேலை 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது பெற்றது. வேலை தொடங்கும் முன் உங்கள் கொத்தனாரையும் ஆசாரியையும் அந்தத் தெருவுக்கு அழைத்துப்போய் ஒரு காலைப் பொழுது நடந்து வாருங்கள். ஆயிரம் வார்த்தையில் சொல்லிப் புரியாதது, அந்தத் தாழ்வாரங்களின் உயரமும் சரிவும் ஒரே சீராக ஓடுவதைக் கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும்.

படி 3: காலத்தை வகுத்துக்கொள்ளுங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூரையைத் திறக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் பாதி பிரித்த கூரையோடு நிற்க முடியாது.

கூரை வேலையைப் பொங்கல் முடிந்ததும் தொடங்கி ஏப்ரலுக்குள் முடித்துவிடலாம். சுண்ணாம்புப் பூச்சு சித்திரை வெயிலில் சட்டென்று காய்ந்து வெடிக்கும். அந்த நேரத்தில் பூசத்தான் வேண்டுமென்றால் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிக்க ஓர் ஆளை வைக்க வேண்டும். மர வேலையும் மின்சார வேலையும் ஜூன், ஜூலையில். தரைக்கு மெருகேற்றுவது எல்லாம் முடிந்த பிறகு. வார இறுதிகளிலும், ஜூலை 14, ஆகஸ்ட் 15, புத்தாண்டு நாட்களிலும் ஊர் நிரம்பி வழியும். அந்த நாட்களில் சாரத்தையும் தூசியையும் விருந்தினர் கண்ணில் படவிடாமல் திட்டமிடுங்கள்.

படி 4: கூரை

பழைய வீடுகளின் மேல்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைப் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து நாட்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு (தட்டையான சுடுமண் ஓடு) பதித்த கூரை. ஒழுங்காகப் பராமரித்தால் நூறு வருடம் தாண்டி நிற்கும். ஒழுக விட்டால் கட்டை உளுக்கும்; சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் நுனிதான் முதலில் அழுகும், அது வெளியே தெரியாது. கடற்கரையில் இருந்த 19-ம் நூற்றாண்டு மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. 2021-ல் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டித் திறந்தார்கள். ஆனால் பழைய கட்டடம் போனது போனதுதான்.

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்து, ஒவ்வொரு கட்டையின் இரண்டு நுனிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆசாரி கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்தது பொத்தென்று சொல்லும். மெல்லிய கம்பியைக் குத்திப் பார்க்கலாம். நுனி மட்டும் கெட்டிருந்தால் முழுக் கட்டையையும் மாற்ற வேண்டாம். கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, பழைய தேக்கிலேயே ஒட்டுப்போட்டு, இரும்புப் பட்டையால் பிணைக்கலாம். இடித்த வீடுகளின் பர்மாத் தேக்கு பழைய மரக்கடைகளில் கிடைக்கிறது. அளவு பார்த்து வாங்கிச் சேர்த்து வையுங்கள்.

ஒழுகலுக்குப் பலர் செய்யும் வைத்தியம், தட்டோட்டின் மேல் சிமென்ட் தளம் ஒன்று போடுவது. அதைச் செய்யாதீர்கள். பாரம் கூடும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் கீழே கட்டைக்கு இறங்கும். பெயர்ந்த தட்டோடுகளை எடுத்து, கீழே தளம் எங்கே பொடிந்திருக்கிறதோ அங்கே மட்டும் சுண்ணாம்பு ஜல்லியில் பழுதுபார்த்து, திரும்பத் தட்டோடு பதித்து, சந்துகளைச் சுண்ணாம்பும் செங்கல் சுர்க்கியும் (செங்கல் பொடி) கலந்த காரையால் அடையுங்கள். தண்ணீர் ஓடும் வாட்டத்தை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

மாடியில் உணவகம் வைக்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. கடல் தெரியும், காற்று வரும், உண்மைதான். ஆனால் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றே ஒரு டன். அதோடு மேசை நாற்காலி, தொட்டிச் செடி, நாற்பது பேர். இந்தப் பாரத்துக்கு அந்தக் கட்டைகள் அமைக்கப்படவில்லை. பொறியாளர் கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்காமல் மாடிக்குக் கூட்டத்தை ஏற்றாதீர்கள். தண்ணீர்த் தொட்டியைத் தளத்தின் நடுவில் வைக்காமல், சுமைதாங்கிச் சுவரின் மேல் இரும்புச் சட்டம் போட்டு ஏற்றுங்கள்.

படி 5: முற்றம்

முற்றத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். முற்றமும், அதற்குள் சரியும் நான்கு பக்கக் கூரையும் சேர்த்து 100 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஃபெஞ்சல் போன்ற ஒரு நாளில் 45 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த முற்றத்துக்குள் 45,000 லிட்டர் தண்ணீர் விழும். அது முழுவதும் ஒரே ஒரு தூம்பு வழியாக வெளியேற வேண்டும், அதுவும் எப்போதோ யாரோ பாதி அடைத்துவிட்ட தூம்பு. பழைய தூம்பு எங்கே போய்ச் சேருகிறது என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். சுத்தம் செய்யுங்கள். கூடவே இரண்டாவதாக ஒரு வழி கட்டாயம் வேண்டும். இலை அடைத்துக்கொண்டால் உயிர் காப்பது அந்த இரண்டாவது வழிதான். கூரைத் தண்ணீரை முதலில் ஒரு மணல் வடிகட்டியில் விட்டு, கிணறு இருந்தால் கிணற்றுக்குத் திருப்பலாம். புதுச்சேரி நிலத்தடியில் உப்பு ஏறிவருகிற காலத்தில் அது உங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் செய்யும் நன்மை.

முற்றத்தை மூடலாமா என்பதில் என் கருத்து உறுதியானது: மூடாதீர்கள். மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு, கீழே ஏசி வைத்து, 'லாபி' ஆக்கிய முற்றங்களைப் பார்த்திருக்கிறேன். மத்தியானம் உள்ளே நிற்க முடியாது, அடுக்களை வாசனை வெளியே போகாது, மின்கட்டணம் ஏறும். திறந்த முற்றத்தில் சூடான காற்று மேலே எழுந்து போகும்போது தெருப்பக்கத் தாழ்வாரத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அந்த ஓட்டம் இருக்கிறவரை கூடத்தில் ஒரு மின்விசிறி போதும். சாப்பாட்டு மேசைகளை மழைக்கு ஒதுக்க வேண்டும் என்றால், கூரை மட்டத்திலிருந்து முக்கால் மீட்டராவது உயர்த்தி, நான்கு பக்கமும் திறந்து வைத்த கண்ணாடிக் கூரை ஒன்று போடலாம். காக்கைக்குக் கம்பி வலை போதும். நடுவில் துளசி மாடம் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். நீச்சல் குளமாக மாற்ற நினைத்தால், சுவர்களின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டப்போகிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

படி 6: ஓதமும் சுவரும்

இந்த ஊரில் சுவர்தான் பெரிய தலைவலி. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலிலும் காற்றிலும் வெளியே விடும். அந்த மூச்சை அடைக்காதவரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அந்த மூச்சை அடைக்கின்றன. ஈரம் உள்ளேயே தேங்கி, கடல் உப்பைக் கரைத்துக்கொண்டு, பூச்சுக்குப் பின்னால் படிகமாக உறைந்து தள்ளும். அப்போதுதான் சுவர் பொரிகிறது, உவர் பூக்கிறது. பொரிந்த இடத்தில் திரும்பச் சிமென்ட் பூசினால் ஓதம் இன்னும் மேலே ஏறி வேறு இடத்தில் வெளிவரும்.

முதலில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தரையிலிருந்து இடுப்பளவு வரை ஒரே கோடாக இருந்தால் நிலத்து ஈரம். மேலிருந்து வழிந்த கறையாக இருந்தால் கூரை. தனித் திட்டாக இருந்தால் குழாய்க் கசிவு. சந்தேகமாக இருந்தால் ஓரடி சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது.

பிறகு இப்படிச் செய்யுங்கள். கறை முடியும் இடத்துக்கு மேலே ஓரடி வரை சிமென்ட் பூச்சைச் சுத்தியும் உளியும் கொண்டு மெதுவாக எடுங்கள்; இயந்திரம் வைத்தால் உள்ளிருக்கும் பழைய செங்கல் நொறுங்கும். சந்துகளில் பொடிந்த காரையைச் சுரண்டியெடுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், திரும்ப உள்ளே போய்விடும்; காய்ந்த தூரிகையால் துடைத்து, அந்த உப்பைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். அப்புறம் சுவரை ஆற விடுங்கள். ஒரு கோடை முழுக்க ஆற விட்டால் இன்னும் நல்லது. இந்தப் பொறுமை பலருக்கு இல்லை. வரவேற்பறையில் செங்கல் தெரிய ஒரு சுவர் மூன்று மாதம் நிற்பதை விருந்தினர் தவறாக நினைப்பதில்லை. ஒரு சிறு பலகையில் என்ன வேலை நடக்கிறது என்று எழுதி வையுங்கள், நின்று படித்துவிட்டுப் போவார்கள்.

பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி நீற்றி, தண்ணீருக்குள்ளேயே சில வாரமாவது ஊறப் போடுங்கள். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வழுவழுப்பு. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணல் கூடவே கூடாது, அதில் இருப்பது அதே உப்பு. ஈரம் அதிகமுள்ள இடங்களில் மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செங்கல் சுர்க்கி சேருங்கள். கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் காரையைக் குழைக்க. ஒவ்வொரு பூச்சும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காமல், ஒன்று இறுகிய பிறகு அடுத்தது. கடைசியில் மெருகுப் பூச்சு வேண்டுமானால், சலித்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மினுக்கும் செட்டிநாட்டுக் கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள். அது விலை கூடிய வேலை. எல்லாச் சுவருக்கும் தேவையில்லை. கை அதிகம் படும் நடையிலும் மாடிப்படிச் சுவரிலும் செய்தால் போதும், மற்ற இடங்களில் சுண்ணாம்பு வெள்ளை மெல்லிசாகப் பல தடவை அடியுங்கள். வண்ணம் வேண்டுமானால் சுண்ணாம்போடு சேரும் இயற்கை மண் நிறங்கள். வெள்ளை நகரத்தின் மஞ்சளும் வெள்ளைக் கரையும் அங்கேதான் அழகு. தமிழ் வீட்டு முகப்பில் அதைக் கொண்டுவந்து அடிப்பது, வீட்டின் அடையாளத்தையே மாற்றிவிடுகிறது.

படி 7: மரமும் தரையும்

தூண்கள் அடியில்தான் கெடும். கல் பீடத்தின் மேல் நிற்கும் தூணைச் சுற்றி யாராவது தரையை உயர்த்தி டைல்ஸ் போட்டிருந்தால், தரை கழுவும் தண்ணீர் மரத்துக்குள் ஏறியிருக்கும். அந்த டைல்ஸை எடுத்து, பீடத்தை வெளியே கொண்டுவாருங்கள். மரத்தின் மேல் பத்து தடவை அடித்த எனாமல் பெயிண்டைச் சூடுகாட்டியும் சுரண்டியும் எடுத்த பிறகு, தூணின் தலைப்பகுதியான போதிகையின் செதுக்கு வேலை தெளிவாகத் தெரியும். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அதன் மேல் பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம். ஆளி விதை எண்ணெய் தேய்த்து மெல்லிசாக விடுங்கள். கரையானுக்கு உரிமம் பெற்றவரை வைத்து மருந்து அடியுங்கள், நிலைப்படிக் கட்டைகளை மறக்காமல்.

தரையைப் பொறுத்தவரை, இருப்பதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. சிவப்பு ஆக்சைடு தரை, ஆத்தங்குடிக் கல், கடப்பா, சுடுமண் ஓடு எதுவானாலும் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. உடைந்த ஆத்தங்குடிக் கல்லுக்கு அதே வார்ப்பில் புதியது செய்து வாங்கலாம். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணத்தை ஊற்றிக் கையால் வார்க்கிறார்கள், சூளையில் சுடுவதில்லை. புதியதைப் பழையதற்கு நடுவில் திட்டாகப் பதிக்காமல், ஓரத்துக் கற்களை எடுத்து நடுவில் வைத்து, புதியவற்றை ஓரத்தில் போடுங்கள். துடைக்கும்போது சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் வருடங்கள் போகப்போக மினுமினுப்பு ஏறும்.

படி 8: மின்சாரம், வெளிச்சம், ஏசி

சுண்ணாம்புச் சுவரைக் குடைந்து வயர் புதைக்காதீர்கள். தரையோரமாகவும் உத்திரத்தின் மேல்பக்கமாகவும் வெளியே தெரியும் குழாய்களில் ஒழுங்காக ஓட்டுங்கள். நேராக ஓடும் குழாய் கண்ணை உறுத்தாது. மின்விசிறியைத் தொங்கவிட உத்திரத்தில் துளை போடாமல், அதைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டுங்கள். மரக்கூரை வீடு என்பதால் பழைய வயர் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் மாற்ற வேண்டும். கசிவு மின்தடுப்புக் கருவி ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக.

வெளிச்சம் குறைவாக இருப்பதே இந்த வீடுகளுக்கு அழகு. 2700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் விளக்குகள், தலைக்கு மேலே அல்லாமல் கண் உயரத்திலும் கீழேயும். திண்ணையில் ஒரு மாடவிளக்கு, படியில் ஒன்று, மேசையில் ஒன்று. முற்றத்தில் பெரிய ஃபோகஸ் விளக்கு வைத்து வானத்தை மறைத்துவிடாதீர்கள்.

ஏசி பொது இடங்களில் தேவையே இல்லை என்பேன். மூடிய உணவறை ஒன்றில் வைத்தே ஆக வேண்டுமானால், அதிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குழாயில் பிடித்துத் தூம்பில் விடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவரில் சொட்டுகிற அந்தத் தண்ணீர், ஒரு மழைக்காலத்தைவிட அதிகம் கெடுக்கும்.

படி 9: எல்லோரும் வரக்கூடிய வாசல், கழிப்பறை

சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை 1-க்கு 12 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். உங்கள் வாசல் தெருவிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சரிவுப் பாதை 5.4 மீட்டர் நீளும். தெருவில் அதற்கு இடமில்லை, திண்ணையை உடைத்து அதைச் செய்யவும் கூடாது. பக்கச் சந்து அல்லது கொல்லைப்பக்கக் கதவு பெரும்பாலும் தாழ்வாக இருக்கும். அதையே நல்ல வாசலாக ஒழுங்குசெய்யுங்கள். விளக்கும் தொட்டிச் செடியும் அங்கேயும் இருக்கட்டும். முதியவர்களுக்கும் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் இந்த வீட்டைப் பார்க்கும் ஆசை நம்மைவிட அதிகம். அவர்களைக் குப்பைத் தொட்டியைத் தாண்டி உள்ளே வரவைக்கக் கூடாது. உள்ளே நிலைப்படிகளுக்குக் கழற்றி மாட்டும் மரச் சரிவு போதும்.

பொதுக் கழிப்பறை இரண்டாம் கட்டில். முற்றத்துச் சுவரிலோ பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரிலோ தண்ணீர்க் குழாய் புதைக்காதீர்கள். தனியாக ஒரு உள்சுவர் எழுப்பி, நடுவில் குழாய்களுக்கு இடம் விட்டு, திறந்து பார்க்கக் கதவு வையுங்கள்.

படி 10: சாமான்களும் சுவர் அலங்காரமும்

இங்கே நிறையச் சொல்ல வேண்டாம். குறைவாக வையுங்கள், இந்த மண்ணிலிருந்து எடுங்கள். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது; செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத்தில் விளக்குக் கூண்டு செய்யலாம். காரைக்குடியிலிருந்து பெரிய கப்பல் கட்டில் ஒன்றை வாங்கிக் கூடத்தின் வழியை அடைக்காதீர்கள். சுவரில் மாட்ட வீட்டுக்காரரின் பழைய குடும்பப் படங்கள் இருந்தால், அவர்கள் அனுமதியோடு, யார் எப்போது என்ற குறிப்போடு மாட்டுங்கள். விருந்தினர் அதன் முன் நிற்பார்கள்.

படி 11: ஹோட்டல் ஓடும்போதே வேலை

முழுதாக மூட முடியாது என்றால் வீட்டை இரண்டாகப் பிரியுங்கள். முதல் கட்டில் வேலை நடக்கும்போது சாப்பாடும் வரவேற்பும் இரண்டாம் கட்டில், பிறகு மாற்றிக்கொள்ளலாம். தரையிலிருந்து கூரை வரை கனத்த தார்ப்பாய். சத்தமான வேலை காலை 10 மணிக்கு மேல், மாலை 5 மணியோடு நிறுத்தம். முன்பதிவு செய்கிறவர்களிடம் வேலை நடப்பதை முன்பே சொல்லி, வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் வரவழைத்தால் கோபப்படுவார்கள், சொல்லிவிட்டால் அவர்களே சாரத்தின் அடியில் நின்று கொத்தனாரிடம் கடுக்காய் எதற்கு என்று கேட்பார்கள்.

கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் சதுர அடிக் கணக்கில் கூலி பேசாமல் நாள் கூலியாகவே பேசுங்கள். சுண்ணாம்பு வேலை அவசரப்பட்டால் கெடும். சதுர அடிக் கூலி அவசரப்படத்தான் வைக்கும். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சதுர மீட்டர் பூசச் சொல்லி, சில வாரம் கழித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடருங்கள். இளைஞர் ஒருவரை அவர்களோடு சேர்த்து விடுங்கள். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டவர் அடுத்த தெருவில் ஒரு வீட்டைக் காப்பாற்றுவார்.

படி 12: வேலை முடிந்த பிறகு

மேலாளர் மேசையில் ஒரு கோப்பு இருக்க வேண்டும். அதில் வரைபடம், குழாயும் வயரும் ஓடும் வழி, எந்தச் சுவரில் என்ன கலவை, வண்ணத்தின் அளவு, கொத்தனார், ஆசாரி, பொறியாளர் தொடர்பு. செப்டம்பர் முடிவதற்குள் தட்டோட்டுச் சந்துகள், தூம்புகள், தாழ்வாரத்து ஓடுகள் மூன்றையும் ஒருவர் ஏறிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பருவமழை நடக்கும்போது வாரம் ஒருமுறை தூம்பில் இலை எடுக்க வேண்டும். தை பிறந்ததும் சுவர்களில் புதிய கறை எங்கே என்று பார்த்துப் படம் எடுத்து, போன வருடப் படத்தோடு ஒப்பிட வேண்டும். சுண்ணாம்பு வெள்ளை அடிப்பது பொங்கலை ஒட்டி. மரத்துக்கு எண்ணெய் வருடம் ஒருமுறை, கரையான் சோதனை இரண்டு முறை. துப்புரவுப் பணியாளர்களுக்கு ஆசிட்டும் பிளீச்சும் வாங்கிக் கொடுக்காதீர்கள். பொருட்கள் வாங்கும் பட்டியலிலேயே அவை இருக்கக் கூடாது என்று எழுதி வையுங்கள்.